கிரீடம் இருக்கட்டும், பங்கு எங்கே?

எங்கள் மயிலம் வட்டாரத்தில் 'ராயல்டி' என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள்தான் மாறும். டிப்பர் ஓட்டுகிறவரிடம் கேட்டால், "குவாரிக்குக் கட்டுற காசு" என்பார். ராயல்டி கட்டினால்தான் நடைச்சீட்டு, நடைச்சீட்டு இருந்தால்தான் வண்டி சோதனைச் சாவடியைத் தாண்டும். செல்போனில் பாட்டுக் கேட்கிற தம்பியிடம் கேட்டால், "இளையராஜா கேட்கிறாரே, அந்தக் காசு" என்பான். திருவிழாவுக்கு ஃப்ளெக்ஸ் வைக்கிற இளைஞர்களுக்கோ அது காசே இல்லை, ரத்தம். சிங்கம், கிரீடம், வாள், நடுவில் இவர்கள் முகம், கீழே 'ஆண்ட பரம்பரை'.

ஒரே சொல்லுக்கு மூன்று பொருள். தற்செயலாக ஒட்டிக்கொண்டவை போலத் தெரியும். தற்செயல் இல்லை என்பதுதான் என் வாதம். முதல் இரண்டு பொருளையும் நாம் கேட்காமல் இருப்பதற்காகவே மூன்றாவது பொருள் நம் கையில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது.

நான் மயிலத்துக்காரன். வெளியூர்க்காரர்களுக்கு மயிலம் என்றால் மலைமேல் முருகன் கோயில், ஆதீனம், தமிழ்க் கல்லூரி. எங்களுக்கு அதோடு கல்லும் தூசியும் உண்டு. சாதிச் சங்கங்கள் எழுதிக்கொண்ட வரலாறுகளைத்தான் முனைவர் பட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் புத்தகங்களில் ஒரு விசித்திரம்: மன்னர்கள் பெயர் பக்கம் பக்கமாக வரும், கூலி எவ்வளவு, நிலம் எவ்வளவு, வாரம் எவ்வளவு என்ற கணக்கு மட்டும் வரவே வராது.

இறை என்றால் யார்?

ஆங்கிலத்தில் ராயல்டி என்றால் முதலில் அரசத்தன்மை, அரச குலம். அங்கிருந்துதான் அரசனுக்கு உரிய பங்கு என்ற பொருள் வந்தது. 1568இல் இங்கிலாந்தில் ஒரு புகழ்பெற்ற வழக்கு. ஒரு பிரபுவின் நிலத்தில் செம்பு வெட்டினார்கள். மண் பிரபுவுடையது என்றாலும் தங்கமும் வெள்ளியும் எங்கே கிடைத்தாலும் முடியாட்சிக்கே சொந்தம், அவை கலந்திருந்தால் செம்புச் சுரங்கமும் அப்படியே என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். அரசன் தோண்டுவதில்லை, உடைப்பதில்லை, சுமப்பதில்லை. ஆனால் பங்கு அவனுக்கு. அந்தப் பங்கின் பெயர்தான் இன்றும் குவாரி ரசீதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் சிறு கனிமங்களுக்கு வாங்கும் 'சீனியரேஜ்' தொகையும் அப்படித்தான்; அதன் வேர்ச்சொல்லுக்கு நிலப்பிரபு என்று பொருள்.

தமிழ் இதை இன்னும் நேராகவே சொல்லிவிட்டது. 'இறை' என்றால் கடவுள். இறை என்றால் அரசன். இறை என்றால் வரி. மூன்றும் ஒரே சொல். திருக்குறளில் அரசனைப் பற்றிய அதிகாரத்தின் பெயர் இறைமாட்சி. வரி விலக்குப் பெற்ற நிலத்துக்குக் கல்வெட்டில் இறையிலி என்று பெயர். பிரமதேயம், தேவதானம் என அது யார் யாருக்குப் போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'கோயில்' கூட முதலில் அரசன் இல்லம்தான்.

உழவில் வந்தால் மேல்வாரம், குடிவாரம் என்று இரண்டு பங்கு. மேல்வாரம் அரசனுக்கோ ஜமீனுக்கோ. குடிவாரம் நிலத்தில் உரிமை உள்ள குடிகளுக்கு. சேற்றில் இறங்கி நட்டவர்களும் அறுத்தவர்களும் இந்த இரண்டு சொல்லுக்கும் வெளியே நின்றார்கள். அவர்களுக்குக் களத்தில் அளந்து போட்டது கூலி. அது பங்கு ஆகாது. பங்கு கேட்க உரிமை வேண்டும், கூலிக்கு அது வேண்டாம். 'ஆண்ட பரம்பரை' என்று யார் சொன்னாலும் எனக்கு இந்த வாரக் கணக்கு நினைவுக்கு வருவது அதனால்தான். ஆண்டது என்றால் என்ன? அடுத்தவர் உழைப்பில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. பெருமைப்பட அதில் என்ன இருக்கிறது?

எல்லோரும் ஆண்டார்கள் என்றால்

2019 ஜூனில் திருப்பனந்தாளில் பேசிய இயக்குநர் பா. இரஞ்சித், ராஜராஜ சோழன் காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலம் பறிபோனதைப் பற்றிப் பேசினார். உடனே வழக்கு. ராஜராஜன் எங்கள் சாதி என்று ஆளுக்கொரு சுவரொட்டி ஒட்டிப் போட்டி போட்டவர்கள், அந்த ஒரு நாள் மட்டும் ஒற்றுமையானார்கள். அவர் எழுப்பியது நிலக் கேள்வி. வந்த பதில்கள் எல்லாம் ரத்தத்தைப் பற்றி.

தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய ஒவ்வொரு பெரிய சாதிக்கும் ஒரு மன்னர் இருக்கிறார். மேற்கே, தெற்கே, வடக்கே எங்கு போனாலும் ஆண்ட பரம்பரை. எல்லோரும் ஆண்டார்கள் என்றால் ஆளப்பட்டவர்கள் யார்? வரி கட்டியது யார்? ஏரி வெட்டியது யார்? இந்தக் கேள்விக்கு அந்தச் சுவரொட்டிகளில் பதில் இல்லை, ஆனால் ஊரின் அமைப்பில் பதில் இருக்கிறது. ஆளப்பட்டவர்கள் காலனியில் இருக்கிறார்கள். ஆண்ட பரம்பரை என்ற சொல்லை ஊர்த்தெருவில் எழுதினாலும் அது காலனியை நோக்கித்தான் பேசுகிறது.

நம் மாவட்டத்துக்கு அதன் விலை தெரியும். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2023 ஏப்ரலில் விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர் தாக்கப்பட்டார். ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அவர்கள் உள்ளே போய்ச் சாமி கும்பிட 2025 ஏப்ரல் வரை ஆனது. இங்கே பறிபோவதாகப் பயந்தது பக்தியா? பரிவட்டமும் முதல் மரியாதையும் ஊர்ப்புறத்தின் ராயல்டி. கிரீடம் இல்லாத ஊரில் அதுதான் கிரீடம். எல்லோரும் உள்ளே வந்துவிட்டால் முதல் மரியாதை என்பதற்குப் பொருளே இல்லை.

என் வன்னியத் தோழர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். இதை எதிரியாக நின்று கேட்கவில்லை, பக்கத்துத் தெருக்காரனாகக் கேட்கிறேன். தங்களைச் சத்திரியர் என்று பதியக் கோரும் மனுக்கள் 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் காலத்திலேயே தொடங்கிவிட்டன. ஒன்றரை நூற்றாண்டாக அந்தப் பட்டம் யாருக்குச் சோறு போட்டது? 1987 செப்டம்பரில் சாலையில் இறங்கி உயிரைக் கொடுத்த 21 பேர் எதைக் கேட்டார்கள்? கல்வியிலும் வேலையிலும் பங்கு கேட்டார்கள். இட ஒதுக்கீடு என்பது அதுதான், பங்கு. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு வந்தது அந்தக் கோரிக்கையால். சத்திரியப் பட்டம் அதைக் கொண்டுவரவில்லை. அவர்களுக்கு 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் மணிமண்டபம் திறந்தார்கள். அந்த மண்டபத்தைத் தாண்டிப் போகிற பைக்கில் 'ஆண்ட பரம்பரை' ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அது அந்த 21 பேரை மறப்பதற்குச் சமம். ஆண்டவர்களுக்கு எதற்கு இட ஒதுக்கீடு என்று நாளை ஒருவன் கேட்டால் அந்த ஸ்டிக்கரைத்தானே சாட்சியாகக் காட்டுவான்? அதே போராட்ட நாட்களில் தென்னார்க்காட்டில் சேரிக் குடிசைகள் எரிந்ததையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பங்கு கேட்கும் கை நீண்டபோது கூடவே கிரீடம் கேட்கும் கையும் நீண்டது. இரண்டாவது கைதான் தீ வைத்தது.

நம் பக்கத்திலும் இந்த நோய் உண்டு. 'நாங்களும் ஆண்டவர்கள்தான்' என்று பதிலுக்குப் பதில் மன்னர்களைத் தேடும் தலித் இளைஞர்களைப் பார்க்கிறேன். அவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ள முடியாது. தலைமுறை தலைமுறையாக இழிவு சுமந்தவனுக்கு நிமிர ஒரு கதை வேண்டாமா? "அம்பேத்கரே 1946இல் சூத்திரர்கள் சத்திரியர்களாக இருந்தவர்கள் என்று எழுதவில்லையா?" என்றும் கேட்கிறார்கள். எழுதினார். ஆனால் எதற்காக? கீழே தள்ளப்பட்டது பிறவியால் இல்லை, மனிதர்கள் செய்த சதியால் என்று காட்ட. வர்ணம் செய்யப்பட்ட பொருள், ஆகவே உடைக்கக்கூடிய பொருள் என்று காட்ட. கிரீடத்தைத் திரும்பக் கேட்க அவர் அதை எழுதவில்லை. 1956 அக்டோபரில் நாகபுரியில் அவர் போய்ச் சேர்ந்தது அரண்மனையை விட்டு வெளியேறிய ஒருவரிடம். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே அயோத்திதாசர் நம்மைப் பூர்வ பௌத்தர்கள் என்று அழைத்தார். நிமிர்வதற்கு நமக்குக் கதை உண்டு. அதற்கு அரியணை தேவைப்படவில்லை.

ஒரு டன் மலையின் விலை

இனி இரண்டாவது பொருளுக்கு வருவோம். மயிலத்திலிருந்து வானூர் வட்டத்துக்குள், திருவக்கரை பக்கம் போனால், கல்மரப் பூங்காவும் வக்கிரகாளி கோயிலும் இருக்கிற அதே மண்ணில் கல் குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. என் பாட்டி கல்லுடைத்தவர். சுத்தியலால் ஜல்லி உடைத்து, கூடைக் கணக்கில் கூலி வாங்கியவர். கல்லுக்கு ராயல்டி என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. மலை யாருடையது என்ற கேள்வியே அங்கே எழுந்ததில்லை. மலை குத்தகைக்காரருடையது, கூடை பாட்டியுடையது.

மலை யாருடையது என்பதற்குச் சட்டத்தின் பதில் சுவாரசியமானது. இதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1958ஆம் ஆண்டு மதராஸ் ஊராட்சிச் சட்டப்படி நில வருவாயில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 45 காசு உள்ளாட்சிக்கான செஸ் வாங்கினார்கள். சுரங்க ராயல்டியையும் நில வருவாயாகக் கணக்கிட்டார்கள். இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் எதிர்த்து வழக்குப் போட்டது. 1989இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ராயல்டி ஒரு வரி, அதன்மேல் மாநிலம் செஸ் போட முடியாது என்றது. 2004இல் இன்னொரு அமர்வு அதைத் தவறு என்றது. குழப்பம் தீர 2024 ஜூலை 25 வரை ஆனது. ஒன்பது நீதிபதிகள் அமர்வில் எட்டுப் பேர் சொன்னார்கள்: ராயல்டி வரி அல்ல, கனிமத்தை எடுத்துக்கொள்ளும் உரிமைக்காகக் குத்தகை எடுத்தவர் குத்தகை கொடுத்தவருக்குத் தரும் ஈடு. நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார்.

கேட்க வறட்சியான சட்ட நுணுக்கம்தான். ஆனால் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ராயல்டி வரி இல்லை, ஈடு என்றால், அது சொத்துக்காரனுக்குப் போவது. அரசு அந்த இடத்தில் நின்று வாங்குகிறது. அரசு யார்? மன்னராட்சியில் மன்னன். 1971இல் அரசியல் சட்டத்தின் 26ஆவது திருத்தம் முன்னாள் மன்னர்களின் மானியத்தையும் அங்கீகாரத்தையும் ஒழித்தது. அதற்குப் பிறகு இந்தச் சொல்லுக்குள் இருக்கிற 'ராயல்' யார்? மக்கள். மயிலத்தில் காலனியில் குடியிருக்கிற ஒரு மூதாட்டியும் அதில் ஒருவர். எந்த ரத்தச் சான்றும் இல்லாமல், எந்த மன்னரையும் பாட்டனாகக் காட்டாமல், குடிமகள் என்ற ஒரே தகுதியில் அவர் இந்த நாட்டின் ராயல்டிக்கு உரியவர். இதுதான் குடியரசு நமக்குத் தந்த ஒரே அரச உரிமை. இதைக் கேட்கத்தான் ஆளில்லை.

அந்தப் பங்கு எவ்வளவு? தமிழ்நாடு அரசு 2024இல் கனிம நிலங்களுக்கு வரி விதிக்கும் சட்டம் கொண்டுவந்து 2025 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பேச்சுவார்த்தை நடந்தது. சாதாரணக் கல்லுக்கான சீனியரேஜ் டன்னுக்கு 33 ரூபாய் என்று முடிந்தது. ஒரு டன் மலை, 33 ரூபாய். உரிமையாளர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள், வண்டியை நிறுத்தினால் மாநிலமே கட்டுமானம் இல்லாமல் நிற்கும், அமைச்சர் பேச வருவார். கல் உடைக்கிறவர், வெடிக்குத் துளை போடுகிறவர், தூசியை நுரையீரலில் வாங்குகிறவர் அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் எங்கே இருந்தார்? சிலிக்கா தூசிக்கு ஒரு டன்னுக்கு எத்தனை ரூபாய் என்று யார் பேரம் பேசினார்?

இதே வானூர் வட்டத்தின் பூத்துறையில் அனுமதித்த அளவுக்கு மேல் செம்மண் வெட்டியதாக, முன்னாள் அமைச்சர் ஒருவரும் அவர் மகனும் உள்ளிட்டோர்மீது வழக்குப் போடப்பட்டது. குற்றத்தை நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். நான் பேச வருவது குற்றச்சாட்டின் மொழியைப் பற்றி. 'அரசுக்கு 28.36 கோடி ரூபாய் இழப்பு' என்கிறது வழக்கு. சரி, ஊருக்கு? பள்ளமாகிப்போன நிலத்தின் பக்கத்தில் கிணறு வைத்திருப்பவருக்கு எவ்வளவு இழப்பு? ஆடு மேய்த்த மேட்டை இழந்தவருக்கு எவ்வளவு? அந்தப் பத்தியே கணக்கில் இல்லை. மன்னனின் கருவூலம் குறைந்தால் குற்றம். குடிகளின் நிலம் குறைந்தால் அது வளர்ச்சி. குடியரசு வந்த பிறகும் சட்டத்தின் கண் கருவூலத்தின் மேலேயே இருக்கிறது.

பட்டம் தருவார்கள், பங்கு தரமாட்டார்கள்

பாட்டுக்கு வருவோம். 2017இல் அமெரிக்காவில் இசைப் பயணத்தில் இருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு, அனுமதி இல்லாமல் தன் பாடல்களை மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு போனது. நாடே கொதித்தது. பேராசை என்றார்கள், தலைக்கனம் என்றார்கள், நண்பனிடமே காசு கேட்கிறார் என்றார்கள். பிறகு வந்த ஒவ்வொரு வழக்கிலும் அதே கிண்டல். எந்தப் பாட்டுக்கு யாருக்கு உரிமை என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கவனிப்பது வேறொன்றை. இதே மக்கள்தான் அவரை ராஜா என்று அழைக்கிறார்கள். இசைஞானி, ராகதேவன் என்று பட்டம் தருகிறார்கள். ராஜா என்று சொல்லத் தயங்காத வாய், அவர் ராயல்டி கேட்டதும் முறைக்கிறது. பண்ணைப்புரத்தில் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஒருவருக்குப் பட்டம் தரலாம், கணக்குக் கேட்க மட்டும் விடக்கூடாது என்ற மனநிலை இதில் இல்லையா? பெரிய நிறுவனங்கள் பாடல் உரிமையைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதை யாரும் பேராசை என்பதில்லை. அது வணிகம்.

அந்த ராஜா பட்டத்தின் எல்லையையும் பார்த்தோம். 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அவர் அர்த்த மண்டபத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டதாகச் செய்தி வந்தது. அர்ச்சகர்களும் ஜீயர்களும் தவிர வேறு யாருக்கும் அங்கே அனுமதி இல்லை என்று அறநிலையத் துறை விளக்கியது. தன் சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவன் தான் அல்ல, பரவுவது வதந்தி என்று அவரே மறுத்தார். அவர் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். துறையின் விளக்கத்தைத்தான் ஏற்க முடியவில்லை. பிறப்பால் வகுத்த எல்லையை 'எல்லோருக்கும் பொதுவான மரபு' என்று சொல்வது விளக்கம் ஆகாது.

இளையராஜாவின் அரசியல் நமக்கு உடன்பாடில்லை. 2022இல் மோடியை அம்பேத்கரோடு ஒப்பிட்டு அவர் எழுதிய முன்னுரையை நம்மில் பலர் கண்டித்தோம், சரியாகவே கண்டித்தோம். ஆனால் உழைத்தவனின் பங்கு அவன் யாருக்கு ஓட்டுப் போடுகிறான் என்பதைப் பார்த்துத் தரும் பரிசு அல்ல. பிடித்தவர்களுக்கு மட்டும் உரிமை என்றால் அதுவும் மன்னர் தரும் மானியம்தான்.

சட்டமும் நெடுங்காலம் தயாரிப்பாளர் பக்கமே நின்றது. 1977இல் உச்ச நீதிமன்றம், மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால் படத்துக்காக எழுதிய பாட்டுக்கும் இசைக்கும் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்றது. 35 ஆண்டுகள் கழித்து, 2012 திருத்தம்தான் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று சொன்னது. நல்ல சட்டம். ஆனால் அதன் வெளிச்சம் எதுவரை விழுகிறது? நாற்று நடும்போது பாடிய பெண்ணின் மெட்டு சினிமாவுக்கு வந்தால் அதன் பெயர் 'நாட்டுப்புறம்'. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திசை. சாவுக்கு அடித்த பறை படத்தில் வந்தால் அடித்தவருக்கு அன்றைய கூலி. களத்தில் அளந்து போட்ட அதே கூலி, ஒலிப்பதிவுக் கூடத்தில் உறையில் வருகிறது.

'எஞ்சாய் எஞ்சாமி'யை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2021 மார்ச்சில் வெளியானது. இலங்கைத் தோட்டங்களில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு. மண்ணில் நமக்குப் பங்கு எங்கே என்று கேட்ட பாட்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அறிவின் முகம் இல்லை, பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கேட்ட பிறகு தனியாக ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் பாட்டு மேடையேறியது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசுகூட வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் தன் தரப்பு விளக்கத்தைச் சொன்னது. கலைஞர்களுக்குள்ளேயே யாருடைய உழைப்பு எவ்வளவு என்ற சர்ச்சையும் நடந்தது. தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. உலகமே ஆடிய, பங்கைக் கேட்கும் ஒரு பாட்டின் பங்கே கணக்கில் வராமல் போனது. இதைவிடப் பொருத்தமான ஆய்வுச் சான்று எனக்குக் கிடைக்கப் போவதில்லை.

உரிமையா, பரிவா?

நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணப் பிரதமர். அவர் ஆட்சியில்தான் 1947இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1949இல் பாரதியின் பாடல் உரிமையை அரசு வாங்கியது. யோசித்துப் பாருங்கள்: கோயிலின் முதல் மரியாதை, ஜமீனின் மேல்வாரம், பாட்டின் ராயல்டி என்று நான் இங்கே பேசிய மூன்றின்மேலும் ஒரே அமைச்சரவை கை வைத்தது. குறைகள் இல்லாமல் இல்லை. ஜமீன் போனபோது நிலம் பட்டாதாரரிடம் நின்றது; கூலிக்காரரிடம் வரவில்லை. 1947இலேயே 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் அம்பேத்கர், நிலம் அரசுடைமையாகி, சாதி வேறுபாடு இல்லாமல் ஊர் மக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட வேண்டும் என்று கேட்டார். யாரும் காதில் வாங்கவில்லை. ஆனாலும் ஓமந்தூரார் காலத்துச் சட்டங்கள் ஒன்றைக் காட்டுகின்றன. ராயல்டி கல்லில் எழுதியதல்ல. யாருக்குப் போக வேண்டும் என்று அரசியல் முடிவு செய்தால் அது இடம் மாறும்.

அதன்பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆயின. அவர்கள் குடும்பத்துக்கு அரசு தரும் பணத்துக்குப் 'பரிவுத் தொகை' என்று பெயர். மன்னிக்கவும், பரிவு எங்கிருந்து வந்தது? எழுதியவரின் உழைப்புக்கு ஈடு தருவதில் பரிவு என்ன?

இதற்கு மாறாக, 2023 செப்டம்பர் 15 முதல் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டத்துக்குக் கலைஞர் மகளிர் 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். ராயல்டிக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் அதே சொல். அந்தப் பெயரை நான் முழு மனதோடு ஏற்கிறேன். உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னது முக்கியம். ஆகவே அந்தச் சொல்லை அதன் முழுப் பொருளில் எடுத்துக்கொள்வோம். டன்னுக்கு 33 ரூபாய் என்றால் 1000 ரூபாய் என்பது ஏறக்குறைய 30 டன் கல்லின் சீனியரேஜ்; ஒரு பெரிய டிப்பர் பாரம். எங்கள் ஊர் வழியாக ஒரு நாளில் போகிற ஒவ்வொரு பெரிய லோடும் ஒரு பெண்ணின் ஒரு மாத உரிமைத் தொகை. இலவசம் இலவசம் என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். யாரும் யாருக்கும் இலவசமாகத் தரவில்லை. மலைக்குச் சொந்தக்காரி தன் பங்கில் ஒரு துளியை வாங்குகிறாள்.

என்ன கேட்கலாம்?

தோழர்களே, கேட்பதற்குப் பெரிய புரட்சி வேண்டாம். சட்டம் ஏற்கெனவே வைத்திருக்கிற வாசல்கள் உண்டு. சிறு கனிம வருவாயில் ஊராட்சிக்குப் பங்கு உண்டு. 2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்றை உருவாக்கினார்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்காகவே அந்தப் பணம். நம் ஊர் குவாரியிலிருந்து கடந்த ஆண்டு எத்தனை டன் போனது, எவ்வளவு தொகை வந்தது, ஊராட்சிக்கு எவ்வளவு திரும்பியது, அதில் காலனிக்கும் இருளர் குடியிருப்புக்கும் எவ்வளவு செலவானது? இந்த நான்கு எண்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். குவாரியில் வேலை செய்கிறவர்களின் பெயர்ப் பதிவேட்டைக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் நுரையீரலைச் சோதிக்கச் சொல்லுங்கள், அந்தச் செலவை அறக்கட்டளைப் பணத்திலிருந்து கேளுங்கள். பறையும் பாட்டும் பதிவானால் கலைஞரின் பெயரும் பங்கும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

இதைக் கேட்கிறபோது ஊர்த்தெருவும் காலனியும் ஒரே வரிசையில் நிற்க வேண்டிவரும். குவாரி வெடியில் விரிசல் விட்ட சுவருக்குச் சாதி இல்லை. வற்றிய கிணற்றுக்கும் இல்லை. அதனால்தான் இந்தக் கேள்வி எழுந்துவிடக் கூடாது என்பதில் சிலருக்கு அவ்வளவு அக்கறை. ஃப்ளெக்ஸுக்குப் பணம் தருகிற கையையும், குவாரிக் குத்தகைகளில் இருக்கிற கையையும் உங்கள் ஊரில் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பல ஊர்களில் ஒரே கையாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 என்று கிராம சபைக்கு நாட்கள் இருக்கின்றன. வழக்கமாக இருபது பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துக் கலைகிற கூட்டம். அடுத்த கூட்டத்துக்கு நூறு இளைஞர்கள் போங்கள். ஊர்த்தெருவிலிருந்தும் போங்கள், காலனியிலிருந்தும் போங்கள். நம் மன்னர் யார் என்ற சண்டையை வாசலிலேயே விட்டுவிட்டு, உள்ளே போய் அந்த நான்கு எண்களைக் கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.